குளிரில் வெடித்த ரப்பரும் கடனில் மடிந்த குட்இயரும்

கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளின் கீழே மாலையில் வந்து நிற்கும் கார்களின் டயர்களைக் குனிந்து பார்த்தால், சிலவற்றில் குட்இயர் என்ற பெயர் இருக்கும். அங்கிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே சற்று தூரம் போனால் ஷா ஆலம். அதே பெயர் கொண்ட டயர் தொழிற்சாலை 1972 முதல் அங்கே இயங்கியது. 2024 ஜூன் இறுதியோடு அது மூடப்பட்டது. 550 பேர் வேலை இழப்பார்கள் என்று செய்தி வந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பலரும் அந்தப் பெயரை மீண்டும் உச்சரித்தார்கள்.

ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மனிதர் கார் டயரைக் கண்ணால் கண்டதில்லை. அந்த நிறுவனத்தில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பங்கும் இல்லை. அவர் இறந்து 38 ஆண்டுகள் கழித்து, 1898ல், அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் என்பவர் ஒரு ரப்பர் நிறுவனத்தைத் தொடங்கி அதற்கு அவர் பெயரை வைத்தார். சார்ல்ஸ் குட்இயர் தம் காலத்தில் அறிந்ததெல்லாம் கடன், சிறை, பிள்ளைகளின் சாவு, இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு கேள்வி. குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி இருக்கும் ரப்பரைச் செய்ய முடியுமா என்பதே அந்தக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததால்தான் மலாயாவில் ரப்பர் மரம் நட்டார்கள். ரப்பர் மரம் நட்டதால்தான் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள்.

குளிருக்கு அஞ்சும் டயர்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரப்பர் என்றால் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டிய பால். மங்கில் சொட்டும் பாலும், மறுநாள் சுரண்டி எடுக்கும் ஒட்டுப்பாலும், புகைக்கூடத்தில் தொங்கும் ஷீட்டும் அவர்கள் கைக்குப் பழக்கமானவை. குளிர் ரப்பரை என்ன செய்யும் என்று பார்க்க இந்த நாட்டில் யாருக்கும் வாய்ப்பில்லை. இங்கே பனி விழுவதில்லை.

குளிர் நாடுகளில் பந்தயத் திடலுக்கு வண்டியோட்டப் போகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பந்தய டயர் சாலை டயர் போன்றதல்ல. மிகுந்த சூட்டில் தார்த்தரையைக் கவ்விப் பிடிக்கும்படி அதன் ரப்பர் கலவை தயாரிக்கப்படுகிறது. பந்தயத்துக்கு முன் டயரைச் சூடேற்றுவதற்கென்றே மின் போர்வைகளைச் சுற்றி வைப்பார்கள். வெயிலில் தரை கொதிக்கும் சிப்பாங் திடலில் அந்த ரப்பர் பசை போல் ஒட்டிப் பிடிக்கும். அதே டயரைப் பனிக்காலத்தில் வெளிக் கொட்டகையில் போட்டு வைத்தால், உறைநிலையை ஒட்டிய குளிரில் அது கண்ணாடி போல் விறைத்துவிடும். அந்த நிலையில் அதைத் தூக்கிப் போட்டாலோ, வளைத்தாலோ, வண்டியை உருட்டினாலோ, தரையில் படும் பகுதியில் விரிசல் விழும். அதன்பின் வெயில் வந்தாலும் அந்த டயர் பந்தயத்துக்கு உதவாது. ஆகவேதான் டயர் தயாரிப்பாளர்கள், இத்தகைய டயர்களை உறையும் குளிரில் வைக்கக் கூடாது, ஏற்கெனவே விறைத்துப் போயிருந்தால் அறை வெப்பத்தில் மெதுவாக இளகும்வரை அசைக்கக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள்.

இன்றைக்கு இது பந்தய டயர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் மிச்சமிருக்கும் தொல்லை. சுமார் 190 ஆண்டுகளுக்கு முன் உலகிலிருந்த எல்லா ரப்பருக்கும் இதே கதிதான். அதை மாற்றியவர் குட்இயர்.

இரும்புக் கடைக்காரரின் மகன்

சார்ல்ஸ் குட்இயர் 1800 டிசம்பர் 29ஆம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை அமாசா குட்இயர் பொத்தான்களும் விவசாயக் கருவிகளும் செய்து விற்றவர். சார்ல்ஸ் 17 வயதில் பிலடெல்பியா நகருக்குப் போய் இரும்புச் சாமான் வியாபாரம் கற்றார். ஊர் திரும்பித் தந்தையோடு தொழில் செய்தார். 1824ல் கிளாரிஸா பீச்சர் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு ஆண்டு கழித்து பிலடெல்பியாவில் சொந்தமாகக் கடை திறந்தார்.

முதலில் வியாபாரம் நன்றாக நடந்தது. கடனுக்குச் சரக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. 1830 வாக்கில் கடை நொடித்தது. திவால் என்று அறிவித்து ஒதுங்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் தம் பொருள்களின் காப்புரிமைகளை இழக்க நேரிடும் என்று எண்ணி, எல்லாக் கடனையும் தாமே அடைப்பதாக ஏற்றுக்கொண்டார். அக்காலச் சட்டப்படி கடன் கட்டாதவரைச் சிறையில் அடைக்கலாம். அதிலிருந்து சாகும்வரை கடனாளிச் சிறை அவருக்கு அடிக்கடி போய்வரும் இடமாயிற்று.

கடையில் கண்ட உயிர்காப்பு மிதவை

1834ல் நியூயார்க் போனபோது, ராக்ஸ்பெரி ரப்பர் நிறுவனத்தின் கடையில் காற்றடைத்த ரப்பர் மிதவை ஒன்றைக் கண்டார். அதன் காற்று வால்வு சரியில்லை என்று அவருக்குப் பட்டது. வாங்கிக்கொண்டு போய், மேலான வால்வு ஒன்றைச் செய்து திரும்பக் கொண்டுவந்தார். கடையின் பொறுப்பாளர் வால்வைப் பாராட்டினார். ஆனால் கெட்டிருப்பது வால்வு மட்டுமல்ல, ரப்பரே கெட்டுப்போகிறது என்ற உண்மையை அவரிடம் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் ரப்பர் ஒரு புதுமோகம். பிரேசில் காட்டு மரங்களிலிருந்து வந்த அந்தப் பொருளுக்கு மேற்கத்தியர் இந்திய ரப்பர் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் பக்கத்திலிருந்து வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பென்சில் எழுத்தை அழிக்க முதலில் பயன்பட்டது. பிறகு தண்ணீர் ஊறாத சட்டை, காலணி, தொப்பி எல்லாம் அதில் செய்து விற்றார்கள். வாங்கியவர்கள் ஒரே ஆண்டில் ஏமாந்தார்கள். கோடையில் சட்டை உருகிப் பிசுபிசுத்து நாற்றமடித்தது. குளிர்காலத்தில் பலகை போல் விறைத்து, மடித்த இடத்தில் வெடித்தது. வந்த வேகத்தில் சரக்குகள் திரும்பின. ரப்பர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

குட்இயருக்கு வேதியியல் தெரியாது. படிப்பும் அதிகமில்லை. கையில் பணமும் இல்லை. ஆனாலும் இந்தப் பொருளை ஒழுங்குபடுத்துவதே தம் வேலை என்று அன்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

சிறையில் உருட்டுக்கட்டை

பிலடெல்பியா திரும்பியதும் கடனுக்காகக் கைதானார். சிறைக்குள்ளேயே முதல் சோதனைகள் நடந்தன. கொஞ்சம் பச்சை ரப்பரும் மனைவியின் சமையலறை உருட்டுக்கட்டையும் கொண்டுவரச் செய்து, சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் மணிக்கணக்கில் பிசைந்து பார்த்தார். ஒட்டும் பொருளோடு உலர்ந்த தூளைக் கலந்தால் பிசுபிசுப்பு போய்விடும் என்பது அவர் யோசனை.

வெளியே வந்தபின் மெக்னீசியா தூளைக் கலந்தார். வெண்மையாக, அழகாக வந்தது. மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான காலணிகளைச் செய்தார்கள். கோடை வந்தது. அத்தனையும் களிமண்ணாக உருகின. நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் முறையிட்டார்கள். அவர் வீட்டைக் காலி செய்து நியூயார்க் போனார்.

அங்கே சுண்ணாம்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தார். சிறிது பலன் கிடைத்தது. ஆனால் ஒரு சொட்டுக் காடி பட்டாலே பழைய பிசுபிசுப்பு திரும்பியது. பிறகு நைட்ரிக் அமிலத்தில் தோய்த்தார். மேற்பரப்பு உலர்ந்து வழவழப்பானது. 1837ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சோதனைகளில் மூடிய அறையில் எழுந்த ஆவி அவர் உயிரையே பறிக்கப் பார்த்தது. பல வாரம் படுக்கையில் கிடந்தார். முதலீடு செய்ய ஒருவர் முன்வந்தார். அதே 1837ல் அமெரிக்கா முழுவதும் வங்கிகள் விழுந்த பொருளாதார நெருக்கடி அந்த முதலாளியையும் அழித்தது. குட்இயர் குடும்பம் ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் ஆலைக்குள் குடியிருந்தது.

அந்நாளில் அவரைப் பற்றி ஒரு கேலி உலவியது. தொப்பி, கழுத்துப்பட்டை, கோட்டு, காலணி எல்லாம் ரப்பரில் அணிந்து, காசே இல்லாத ரப்பர் பணப்பை வைத்திருக்கும் மனிதரைக் கண்டால் அவர்தான் குட்இயர் என்று ஊரார் சிரித்தார்கள். தம் சரக்குக்குத் தாமே விளம்பரமாக உண்மையில் அவர் அப்படித்தான் உடுத்தித் திரிந்தார்.

கந்தகம் வந்து சேர்ந்தது

பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் ஊருக்கு மாறினார். அங்கே நத்தேனியல் ஹேவர்ட் என்ற தொழிலாளி ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து வெயிலில் காயவைத்துக் கொண்டிருந்தார். மேற்பரப்பின் ஒட்டும் தன்மை அதில் குறைந்தது. குட்இயர் அந்த உரிமையை வாங்கிக்கொண்டார். கந்தகத்தின் மீதான நம்பிக்கையில், அமெரிக்க அஞ்சல் துறைக்கு 150 ரப்பர் தபால் பைகள் செய்து தர ஒப்புக்கொண்டார். பைகள் பார்க்க நன்றாக இருந்தன. கோடை வெப்பத்தில் தொங்கவிட்ட இடத்திலேயே உருகிக் கைப்பிடி கழன்று விழுந்தன. அரசு வேலையிலும் தோற்றவர் என்ற பெயர் வந்ததும், மிச்சமிருந்த நண்பர்களும் விலகினார்கள்.

1839ல் அந்தத் திருப்பம் நேர்ந்தது. கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டது. உருக வேண்டிய ரப்பர் உருகவில்லை. ஓரம் தோல் போல் கருகியது. கருகிய ஓரத்தை ஒட்டி, ஒரு மெல்லிய கரையில் மட்டும், ரப்பர் பிசுபிசுப்பின்றி நன்றாக இழுபட்டது. பக்கத்திலிருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. எத்தனையோ முறை வெற்றி என்று அறிவித்தவர் அவர்.

சூட்டைத் தாங்கிவிட்டது. குளிரைத் தாங்குமா என்று பார்க்க, அந்தத் துண்டைக் கடும் பனி இரவில் வாசலுக்கு வெளியே ஆணியடித்து வைத்தார். காலையில் எடுத்தபோது அது விறைக்கவில்லை. வளைத்தார், வளைந்தது. ஐந்து ஆண்டு தேடியது கையில் கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் அவர் நம்பினார். அது தற்செயல் என்று பலர் சொல்வார்கள். தற்செயலைக் கண்டதும் அடுத்து என்ன சோதிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது தற்செயல் அல்ல.

கந்தகம் செய்த வேலையை இப்படி விளங்கிக்கொள்ளலாம். ரப்பருக்குள் நீண்ட இழைகள் இருக்கின்றன, தட்டில் போட்ட மீ போல. சூடானால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும். அதுதான் உருகுவது. குளிர்ந்தால் வரிசையாக ஒட்டிப் படிந்து இறுகும். அதுதான் விறைப்பது. கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இழைக்கும் இழைக்கும் நடுவே முடிச்சு விழுகிறது. மீ வலையாகிவிடுகிறது. வலை ஓடவும் செய்யாது, எளிதில் ஒட்டி இறுகவும் செய்யாது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும். முடிச்சு குறைந்தால் பிசுபிசுப்பு, கூடினால் மரக்கட்டை. சரியான அளவைக் கண்டுபிடிப்பதுதான் கடினமான வேலை.

ஒரு குளிர்காலம்

அடுப்படியில் கண்ட அந்த மெல்லிய கரையை, கடையில் விற்கும் பொருளாக மாற்ற இன்னும் ஐந்து ஆண்டு பிடித்தது. அந்த ஆண்டுகளைத்தான் அவர் குடும்பம் மறக்க முடியாது.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது அவருக்குத் தெரியவில்லை. மனைவி ரொட்டி சுட்டு முடித்ததும் அதே அடுப்பில் ரப்பரை வைத்தார். தேநீர்க் கெண்டியின் ஆவியில் காட்டினார். சூடான மணலில் புதைத்தார். ஊர்த் தொழிற்சாலைகளில் வேலை முடிந்தபின் அடுப்பைக் கொஞ்ச நேரம் தரும்படி கெஞ்சினார். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் 5 டாலருக்கு விற்றார்.

ஒரு பனிக்காலத்தில் வீட்டில் எல்லோரும் நோயில் படுத்திருந்தார்கள். அடுப்பு மூட்ட விறகில்லை, சமைக்க எதுவுமில்லை. பனிப்புயலுக்குள் பல மைல் நடந்து, பழக்கமான ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பணம் வாங்கிவந்தார். இன்னொரு முறை பாஸ்டன் நகருக்குக் கடன் கேட்டுப் போனார். கடன் கிடைக்கவில்லை. தங்கிய விடுதிக்குக் கட்டணம் செலுத்த முடியாமல் கைதானார். விடுபட்டு நடந்தே வீடு திரும்பியபோது கடைசி மகன் சாகக் கிடந்தான். அடக்கம் செய்யவும் வீட்டில் பணமில்லை. கிளாரிஸா பெற்ற 12 பிள்ளைகளில் 6 பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள்.

அதே காலத்தில் பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்று அவருடைய பழைய நைட்ரிக் அமில முறைக்கு விலை பேசியது. அந்தப் பணம் வீட்டைக் காப்பாற்றியிருக்கும். அதைவிட மேலான முறை கைக்கு வரப்போகிறது, பழையதை விற்பது நேர்மையாகாது என்று அவர் மறுத்துவிட்டார். அவர் வரலாற்றை எழுதியவர்கள் இதை அவர் நேர்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த நேர்மைக்கான விலையைத் தந்தவர்கள் கிளாரிஸாவும் பிள்ளைகளும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களைக் கேட்டு அவர் முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் கம்பளி ஆலை நடத்திய மைத்துனர் வில்லியம் டி ஃபாரஸ்ட் கைகொடுத்தார். அவர் கொடுத்த தொகை பல்லாயிரம் டாலரைத் தாண்டியது. அழுத்தம் கொடுத்த நீராவியில், சுமார் 132 பாகை செல்சியஸில், 4 முதல் 6 மணி நேரம் வேகவைத்தால் ரப்பர் முழுவதும் ஒரே சீராகப் பக்குவப்படும் என்ற கணக்கு உறுதியானது. 1844 ஜூன் 15ஆம் தேதி அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

பெயர் வைத்தவர் வேறு

அதற்குள் சில மாதிரித் துண்டுகள் இங்கிலாந்து போயிருந்தன. அங்கே ரப்பர் தொழிலில் ஊறிய தாமஸ் ஹான்காக் அவற்றைப் பார்த்தார். துண்டின் மேல் பூத்திருந்த மஞ்சள் தூள் அவர் கண்ணில் பட்டது. கந்தகம் என்று புரிந்துகொண்டு, தாமே சோதனை செய்து, 1843 நவம்பரில் இங்கிலாந்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். குட்இயரின் விண்ணப்பம் சில வாரங்கள் பிந்திப் போனது. பின்னாளில் அங்கே வழக்காடியும் தோற்றார். ரோமானியரின் நெருப்புத் தெய்வமான வல்கன் பெயரால் இந்த முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயர் சூட்டியவரும் ஹான்காக்கின் நண்பர் ஒருவரே. கண்டுபிடித்தவருக்குத் தம் கண்டுபிடிப்புக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலேயே பலர் காப்புரிமையை மீறினார்கள். 1852ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில் பெரிய வழக்கு நடந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த டேனியல் வெப்ஸ்டர் குட்இயருக்காக வாதாட வந்தார். அவருக்கு 15,000 டாலர் கட்டணம் பேசப்பட்டது. அந்நாளில் ஒரு வழக்கறிஞருக்கு அது மலைக்க வைக்கும் தொகை. வெப்ஸ்டர் தம் அனுபவம் ஒன்றை நீதிமன்றத்தில் விவரித்தார். முன்பு யாரோ அவருக்குப் பழைய வகை ரப்பர் அங்கியும் தொப்பியும் பரிசளித்தார்களாம். ஒரு குளிர் நாளில் அங்கியை வெளியே நிறுத்தினால் அது தானாகவே நின்றதாம். மேலே தொப்பியை வைத்ததும், வழியில் போனவர்கள் அவரே வாசலில் நிற்பதாக எண்ணிக்கொண்டார்களாம். குளிரில் ரப்பர் எப்படி விறைத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியிருக்கவில்லை. குட்இயர் வென்றார்.

ஆனால் வெற்றி பணமாகவில்லை. உரிமைகளை மிக மலிவாகக் கொடுத்திருந்தார். வாங்கியவர்கள் செல்வந்தரானார்கள்.

சிறைக்கு வந்த விருது

1851 லண்டன் உலகக் கண்காட்சியில் மேசை, நாற்காலி, திரைச்சீலை, நகை என எல்லாமே ரப்பரால் ஆன அறைகளை 30,000 டாலர் செலவில் அமைத்தார். பதக்கம் கிடைத்தது. 1853ல் கிளாரிஸா இங்கிலாந்தில் காலமானார். அடுத்த ஆண்டு குட்இயர் மறுமணம் செய்துகொண்டார். 1855 பாரிஸ் கண்காட்சிக்கு 50,000 டாலர் செலவிட்டார். பிரான்சில் எதிர்பார்த்த வருமானம் வராததால் கடன் கட்ட முடியாமல் கிளிஷி சிறையில் அடைக்கப்பட்டார். மூன்றாம் நெப்போலியன் பேரரசர் அவருக்கு அளித்த உயரிய விருதை மகன் எடுத்துச் சென்று அந்தச் சிறையில்தான் கொடுத்தார்.

1860ல் மகள் ஒருத்தி மரணப் படுக்கையில் இருப்பதாகத் தகவல் வந்தது. வாஷிங்டனிலிருந்து நியூ ஹேவனுக்குப் புறப்பட்டார். வழியில் நியூயார்க்கில் இறங்கியபோது மகள் இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. அங்கேயே மயங்கி விழுந்தார். ஒரு விடுதிக்குக் கொண்டு சென்றார்கள். 1860 ஜூலை 1ஆம் தேதி உயிர் பிரிந்தது. அப்போது அவர் கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

அடுப்படியிலிருந்து தோட்டம் வரை

அவர் இறந்தபின் ரப்பர் ஓடத் தொடங்கியது. 1888ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தார். 1889ல் அதே நகரில் வில்லியம் ஹியூம் என்பவர் அந்த டயர் பூட்டிய சைக்கிளில் பந்தயங்களை வென்றார். பந்தய டயரின் கதை அங்கே பிறந்தது. 1895ல் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு பாரிஸ்–போர்தோ கார்ப் பந்தயத்தில் ஓடினார்கள். கார் பெருகியது. பிரேசில் காட்டு ரப்பர் போதவில்லை.

அதற்குள் விதைகள் கடல் கடந்துவிட்டன. 1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877ல் சிங்கப்பூர் வந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை சிங்கப்பூரில் ஹென்றி ரிட்லி வகுத்தார். 1896ல் மலாக்காவில் டான் சாய் யான் வாணிப முறையில் ரப்பர் பயிரிட்டார். பிறகு காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். இன்றைய பெட்டாலிங் ஜெயா நகரமே 1950களில் எஃபிங்காம் என்ற ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில்தான் எழுந்தது.

வெட்டியவர்கள் கண்டது பால் முதல் ஷீட்டு வரைதான். ஷீட்டு லாரியேறி, துறைமுகம் போய், கப்பலேறிய பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வோபர்ன் ஊரின் அடுப்படியில் தொடங்கியது அந்த மறுபாதிக் கதை. கடல் தாண்டிப் போன ஷீட்டு கந்தகத்தோடு வெந்துதான் டயரானது.

குளிர் இன்னும் தோற்கவில்லை

குட்இயர் குளிரை முழுவதுமாக வென்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. முடிச்சு போட்ட ரப்பரும் ஓர் எல்லைக்குக் கீழே விறைக்கும். அந்த எல்லை கலவைக்குக் கலவை மாறும். இயற்கை ரப்பர் கண்ணாடியாக இறுக, உறைநிலைக்குக் கீழே 70 பாகை வரை குளிர வேண்டும். பந்தய டயருக்குச் சேர்க்கும் செயற்கை ரப்பரும் பிசின்களும் சூட்டில் பிடிமானம் தருவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதற்கு விலையாக அந்த எல்லை மேலேறி, சாதாரணப் பனிக்காலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. சூட்டில் வேண்டிய குணத்தைக் கூட்டினால் குளிரில் ஒன்றை இழக்க வேண்டும்.

1986 ஜனவரி 28ஆம் தேதி இந்த உண்மை உலகையே உலுக்கியது. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் உறைபனி இரவுக்குப் பின் காலையில் ஏவப்பட்டது. உந்துகலனின் இணைப்பை அடைக்க வைத்த செயற்கை ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, நேரத்தில் விரிந்து இடைவெளியை மூடவில்லை. 73 விநாடிகளில் ஓடம் சிதறி 7 பேரும் இறந்தார்கள். விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது பழையபடி மீள மறுப்பதை எல்லோர் முன்னும் காட்டினார். 1839ல் ஒரு கடனாளி தம் வீட்டு வாசலில் ஆணியடித்துச் செய்த சோதனையும் கிட்டத்தட்ட அதுவேதான்.

நியூ ஹேவன் கல்லறைத் தோட்டத்தில் சார்ல்ஸ் குட்இயர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஷா ஆலம் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டாலும், அவர் பெயர் டயர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரொட்டி அடுப்பை அவருக்கு விட்டுக்கொடுத்த கிளாரிஸாவின் பெயர் எந்த டயரிலும் இல்லை. இருட்டில் எழுந்து பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால் வெட்டியவர்களின் பெயரும் இல்லை. அடுத்த முறை டயர் மாற்றக் கடைக்குப் போகும்போது, பக்கத்தில் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அந்த டயரை ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அவர்கள் வெட்டிய பால் கடைசியில் என்னவாயிற்று என்று காட்ட அதைவிட நல்ல பொருள் இல்லை.